‘படி’யைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

போன கார்த்திகையில் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் வீட்டில் ஒரு மனக்கசப்பு வந்தது. அவளுடைய அப்பாயியின் தங்கை 1960களில் குடும்பத்தோடு பர்மாவிலிருந்து கப்பலேறித் திருச்சிப் பக்கம் போனவர். அந்தத் தங்கையின் மகன் அங்கே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். ஒருமுறை வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போகலாமா என்று இவர்கள் இங்கிருந்து கேட்டிருந்தார்கள். அவரிடமிருந்து கைப்பேசியில் பதில் வந்தது: “கடையில் இப்போது வரும்படி இல்லை அண்ணி. தை பிறக்கட்டும், பார்க்கலாம்.”

அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. பத்து வயது மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு பர்மியில் சொன்னாள்: “கடைக்கு இப்போ வர வேண்டாமாம்.” அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. சொந்தக்காரர்களே வராதே என்கிறார்களே என்று இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கியாக்தானில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அப்பாயி திரும்பி வந்ததும் செய்தியை அப்படியே வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “அடியே, வரும்படி இல்லைன்னா வருமானம் இல்லைன்னு அர்த்தம். பாவம், அவன் கஷ்டப்படுறான்டி” என்றார்.

அந்தப் பெண்ணுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். அவள் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாக வாசிக்கவில்லை. வாசிப்பு சரி, சொல்தான் பிடிபடவில்லை. அன்றிலிருந்து ‘படி’ என்ற இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்குகிறேன். செய்து பார்த்துச் சரியாக வந்த முறையை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ தமிழ் சொல்லிக்கொடுக்கிற யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருப்பது தன்லின். பெரியவர்கள் இன்னும் சிரியம் என்றுதான் சொல்வார்கள். யாங்கோனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். அம்மா சிறுமியாக இருந்தபோது இங்கெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் நடந்தன. 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு தமிழுக்குக் கோயில் மண்டபம்தான் இடம். என் பிள்ளைகள் பள்ளியில் பர்மி, தெருவில் பர்மி, வீட்டில் பாதிப் பாதி. என்னைக்கூட டீச்சர் என்பதற்குப் பர்மியில் ‘சயாமா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் அகராதியைத் திறந்து ‘படி’க்கு இருபது பொருள் என்று பலகையில் எழுதினால், ஒன்றுகூட நிற்காது. கையால் தொடக்கூடிய பொருளில் ஆரம்பியுங்கள்.

முதல் வாரம் மாடிப்படி, வாசற்படி. இதற்கு அதிக நேரம் வேண்டாம். கோயில் வாசலுக்கு அழைத்துப் போய் ஒவ்வொரு படியாக ஏறச் சொல்லுங்கள், தமிழில் எண்ணச் சொல்லுங்கள். வசதி இருந்தால் யாங்கோனில் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும்போது தெற்கு வாசலில் எண்ணச் சொல்லலாம். நூற்றுக்கும் மேலே போகும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் கால் வைத்து எண்ணிய பிள்ளைக்கு ‘படிப்படியாக’ என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். எங்கள் பக்கத்து மரவீடுகள் கால் ஊன்றி உயரத்தில் நிற்பவை. வீட்டுக்குள் போவதென்றாலே படியேறித்தான் போக வேண்டும். அதனால் ‘உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்’ என்று ஒருவர் கோபத்தில் சொன்னால் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று இவர்களுக்குச் சட்டென்று புரிகிறது. ‘வீட்டுக்கு வீடு வாசப்படி’ என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு கஷ்டம் உண்டு என்பதைப் பாட்டிகள் அப்படிச் சொல்வதை அவர்கள் ஏற்கனவே கேட்டிருப்பார்கள்.

இரண்டாம் வாரம் அரிசி. இந்த வாரத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

என் அப்பா அரிசிக்கடை வைத்திருந்தார். பர்மியில் அரிசி அளக்கும் அளவுக்கு ‘ப்யி’ என்று பெயர். கெட்டிப்பால் டின்னால் 8 டின் அளந்தால் ஒரு ப்யி. 16 ப்யி சேர்ந்தால் ஒரு கூடை. தமிழ்க் கணக்கிலும் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். கொள்ளளவு இரண்டுக்கும் ஒன்றல்ல, தமிழ்நாட்டிலேயே ஊருக்கு ஊர் படி சின்னதும் பெரியதுமாக இருந்திருக்கிறது. ஆனால் எட்டு என்ற கணக்கு இரண்டு பக்கமும் பொருந்துவதால் பிள்ளைகளுக்குச் சொல்ல மிகவும் வசதி. கடையில் தமிழர்கள் வந்தால் அப்பா ‘எத்தனை படி?’ என்பார், பர்மியர்கள் வந்தால் ‘எத்தனை ப்யி?’ என்பார். ஏனம் ஒன்றேதான்.

வகுப்புக்கு ஒரு பால் டின்னும் கொஞ்சம் அரிசியும் ஒரு பெரிய பாத்திரமும் கொண்டு போங்கள். பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள். தலை தட்டி அளப்பது எப்படி, கூம்பாக அளப்பது எப்படி என்று இரண்டையும் காட்டுங்கள். அப்பா அளக்கும்போது முதல் அளவுக்கு ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார், ‘லாபம்’ என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். என் பிள்ளைகள் இப்போது அரிசி அளக்கும் ஆட்டத்தில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அளந்து முடித்ததும் ‘படியளத்தல்’ என்ற சொல்லைக் கொடுங்கள். ‘எல்லாருக்கும் ஆண்டவன் படியளப்பான்’ என்று அப்பாயி சொல்வது அரிசிக்கடையில் நிற்கும் பிள்ளைக்குக் கண்ணால் பார்த்தது போலத் தெரியும். வேலைக்குக் கூலியாக நெல்லை அளந்து வாங்கிய பண்ணையாளுக்குப் ‘படியாள்’ என்று பெயர் இருந்ததையும் சொல்லுங்கள். இங்கே வயலுக்கு வந்த பலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் ஊரில் அப்படி இருந்தவர்கள்தான். இன்று தமிழ்நாட்டில் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் பயணப்படி, அகவிலைப்படி எல்லாவற்றிலும் இருப்பது பணமாகக் கொடுக்கும் படி. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், இங்குள்ள பிள்ளைகளுக்கு அது தேவைப்படாது.

‘ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை அர்த்தம்?’ என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். அதற்குப் பதில் பிள்ளைகளிடமே இருக்கிறது. பர்மியில் ‘ப்யி’ என்று எழுதச் சொல்லுங்கள். அரிசி அளவுக்கும் அதே எழுத்து. நாட்டுக்கும் அதே எழுத்து. ஐராவதிக் கரையில் நம் பெரியவர்கள் புரோம் என்று சொல்லும் ஊரின் பெயருக்கும் அதே எழுத்து. புண்ணில் கட்டும் சீழுக்கும் அதேதான். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ‘இதில் எது நாடு, எது சீழ் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறாய்?’ என்று கேளுங்கள். ‘பக்கத்துல இருக்கிற வார்த்தையைப் பார்த்தா தெரியும் சயாமா’ என்று ஒருவராவது சொல்வார். எனக்கு அதைச் சொன்னது ஏழு வயதுப் பையன். அந்தப் பதிலைப் பலகையில் எழுதி, நான்காம் வாரம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். மீதிப் பாடம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

பெரிய பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் காட்டலாம். 606ஆவது குறள் ‘படியுடையார்’ என்று தொடங்குகிறது. அங்கே படி என்றால் நிலம், பூமி. பூமியை ஆள்கிறவர்களின் செல்வமே வந்து சேர்ந்தாலும் சோம்பேறிக்குப் பயனில்லை என்று போகிறது குறள். பர்மியில் அரிசி அளவும் நாடும் ஒரே சொல், தமிழில் அரிசி அளவும் பூமியும் ஒரே சொல். இரண்டு சொல்லுக்கும் உறவு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லியும் கொடுக்காதீர்கள். ஆனால் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு சொல்லையும் இரண்டு எழுத்திலும் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொண்டான். தமிழ் வகுப்புக்கு ஒழுங்காக வராத பையன் அவன்.

மூன்றாம் வாரம் வினைச்சொல். இங்கேதான் அதிகம் தடுக்கும். படிந்தது, படித்தது என்று இரண்டு இருக்கின்றன. ‘படி’ என்ற அளவில் ஒன்றாகத் தெரிகிறவை, காலம் காட்டும்போது பிரிந்துவிடும். படிகிறது, படிந்தது, படியும் என்று ஒன்று. படிக்கிறது, படித்தது, படிக்கும் என்று மற்றொன்று. இலக்கண விளக்கம் எதுவும் சொல்லாமல், இங்கே எல்லோரும் அரைத்து முகத்தில் பூசும் தனாக்காவிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு தனாக்கா கட்டையையும் அரைக்கும் கல்லையும் கொண்டு வரச் சொல்லுங்கள். எல்லா வீட்டிலும் இருக்கும். கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, பட்டையோடு கட்டையை வட்டமாகத் தேய்த்தால் சந்தனம் போல வெளிறிய மஞ்சளில் குழம்பு வரும். ஒரு பிள்ளையின் கன்னத்தில் பூசுங்கள். முதலில் ஈரமாகப் பளபளக்கும். அப்புறம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கி, வெளுத்து, தோலோடு தோலாக உட்கார்ந்துவிடும். ‘தனாக்கா என்ன பண்ணுது?’ என்று கேட்டால் ‘ஒட்டுது’ என்பார்கள். ஒட்டவில்லை, படிகிறது என்று சொல்லிக்கொடுங்கள். ஒட்டினால் பிய்க்க வேண்டும். படிந்ததைத் தண்ணீரால் கழுவினால் போதும், கையால் துடைத்தாலே கொஞ்சம் வந்துவிடும். தூசி படிகிறது, புகை படிகிறது, பாத்திரத்தில் கரி படிகிறது. எண்ணெய் தேய்த்துத் தலையைப் படிய வாருகிறோம்.

இன்னொரு காட்சியும் உண்டு. வகுப்பு தொடங்கும்போது ஒரு கண்ணாடி டம்ளரில் ஆற்றுத் தண்ணீர் கொண்டு வந்து ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். பகோ ஆற்றுத் தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருக்கும். வகுப்பு முடியும்போது அடியில் மெல்லிசாக வண்டல் படிந்திருக்கும், மேலே தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருக்கும். எவரும் தொடவில்லை, தானாகப் படிந்தது. இப்படி ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து உண்டானதுதான் கீழ் பர்மாவின் நெல்வயல்களில் பெரும்பகுதி என்று சொல்லலாம். யாராவது தண்ணீரில் படிகாரத்தைப் போட்டால் சீக்கிரம் தெளியுமே என்பார்கள். சரிதான். ஆனால் படிகாரத்தில் இருக்கும் ‘படி’ இந்தப் படி இல்லை என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். படிகம், படிகாரம் இரண்டும் ஸ்படிகம் என்ற வடசொல்லின் வழியில் வந்தவை.

பொருள் தெரிந்த பிறகு, படிதலின் மற்ற இடங்களைக் காட்டுங்கள். சந்தையில் ‘விலை படியவில்லை’ என்றால் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு தொகைக்கு வந்து சேரவில்லை. ‘கீழ்ப்படிந்தான்’ என்றால் சொல்பேச்சு கேட்டான். பழைய பாடல்களில் நீரில் மூழ்கிக் குளிப்பதற்கும் படிதல் என்பார்கள். எல்லாவற்றிலும் மேலே இருந்தது கீழே வந்து அமைகிறது.

படித்ததைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அது அவர்களுக்குத் தெரியும். குழப்பம் வருவது எழுதும்போது. ‘நான் பாடம் படிந்தேன்’ என்று எழுதுவார்கள். நான் செய்வது இது: பலகையின் இடது பக்கம் தனாக்கா பூசிய ஒரு கன்னம், வலது பக்கம் திறந்த புத்தகம். நான் ஒரு வாக்கியம் சொல்ல, பிள்ளை ஓடிப்போய்ச் சரியான படத்தைத் தொட வேண்டும். ‘மேசையில் தூசி படிந்தது’, ‘அண்ணன் கடிதம் படித்தான்’, ‘சட்டையில் சாயம் படிந்தது’. இருபது வாக்கியத்துக்குள் காது பழகிவிடும். காது பழகினால் கை தானாக எழுதும்.

படி எடுப்பதையும் இதோடு சேர்க்கலாம். நகலுக்கும் படி என்று பெயர். கையெழுத்துப்படி, அச்சுப்படி என்கிறோம். கல்வெட்டில் ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசி எழுத்தைத் தாளில் எடுப்பதற்குப் படியெடுத்தல் என்று பெயர். நம் நாட்டிலேயே பகானுக்குப் பக்கத்தில் மியின்கபாவில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர் அங்கே இருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. பகானுக்குச் சுற்றுலா போய்வந்த பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அன்று அவர்களுக்குத் தலைகால் புரியாது. பொருள் தெரியாத வயதிலும் சின்ன நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கச் சொன்னால் செய்வார்கள்.

நான்காம் வாரம் வால். வாக்கியத்தில் வேறொரு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ‘படி’யை நாங்கள் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறோம். இதற்கு நான் கண்ட நல்ல வழி, அந்த இடத்தில் வேறு சொல்லைப் போட்டுப் பார்ப்பது. ‘அம்மா சொன்னபடி செய்தேன்’ என்பதில் ‘சொன்ன மாதிரி’ என்று போடலாம். ‘பாடியபடி நடந்தாள்’ என்பதில் ‘மாதிரி’ பொருந்தாது, ‘பாடிக்கொண்டே’ பொருந்தும். ‘மழை பெய்தபடியால் வரவில்லை’ என்பதில் ‘பெய்ததால்’ பொருந்தும். ‘கதவைச் சாத்தும்படி சொன்னார்’ என்றால் அவர் வாய்விட்டுச் சொன்னது ‘கதவைச் சாத்து’. எது பொருந்துகிறதோ அதுதான் பொருள். அப்படி, இப்படி, எப்படி மூன்றிலும் இருப்பது இதே படிதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப முடியாமல் பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லுக்குள் ஒன்று ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்த முகம் அது.

வரும்படிக்கு மட்டும் தனியாகப் பத்து நிமிடம் எடுங்கள். பின்னால் வரும் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘வரும்படி’க்குப் பின்னால் சொன்னார், கேட்டார், அழைத்தார், எழுதினார் என்று வந்தால் யாரோ வரச் சொல்கிறார்கள். இல்லை, உண்டு, குறைவு, அதிகம், எவ்வளவு என்று வந்தால் அது காசு. சந்தேகம் இருந்தால் ‘வருமானம்’ என்று போட்டுப் பார்க்கலாம்.

எழுத்துப்பிழைக்கு ஒரே ஒரு கணக்கு. சட்டப்படி, முறைப்படி, வழக்கப்படி என்று பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் ‘ப்’ வரும். சொன்னபடி, கேட்டபடி, நடந்தபடி என்று முடிந்துபோன வினைக்குப் பின்னால் வந்தால் ‘ப்’ வராது. தமிழ்நாட்டில் அச்சான பலகைகளில்கூட ‘சொன்னப்படி’ என்று பார்த்திருக்கிறேன், அதனால் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

தள்ளுபடி, குளறுபடி, சாகுபடி, செல்லுபடி, கட்டுப்படி, உருப்படி, மறுபடி என்று இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. இவற்றைப் பிரித்துக் காட்டப் போகாதீர்கள். பிரித்தால் நேரமும் போகும், பொருளும் நிற்காது. முழுச்சொல்லாகவே வாக்கியத்தில் கொடுங்கள்: ‘இந்தப் பழைய நோட்டு செல்லுபடியாகாது’, ‘அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது’, ‘உருப்படியாக ஒரு வேலை செய்’. 1964இல் ஐம்பது, நூறு ச்சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த கதை எல்லா வீட்டுப் பெரியவர்களிடமும் இருக்கிறது. அதைக் கேட்டுவரச் சொன்னால் ‘செல்லுபடி’ மறக்கவே மறக்காது.

வீட்டுப்பாடமாக நான் கொடுப்பது ஒன்றுதான். ஒரு வாரம் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது காதைத் திறந்துவைத்து, ‘படி’ வருகிற ஐந்து வாக்கியங்களை அப்படியே எழுதிவர வேண்டும். பேச்சுத்தமிழிலேயே எழுதட்டும், திருத்தாதீர்கள். ‘கண்டபடி திட்டாதடா’, ‘ஒருபடியா வேலை முடிஞ்சுது’, ‘என்னமோ ஆண்டவன் விட்டபடி’ என்று வரும். இந்த நோட்டுகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எழுதிய பிள்ளைகளின் அப்பாயிகளில் இரண்டு பேர் இப்போது இல்லை.

கடைசி வகுப்பில் அந்தப் பெண் திருச்சிக்கு எழுதிய பதிலை என்னிடம் காட்டினாள். அனுப்புவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டுமாம். “சித்தப்பா, கடையில் வரும்படி இல்லை என்று வருத்தப்படாதீர்கள். அப்பாயி சொன்னப்படி பீலிக்கான் கோயிலில் உங்களுக்காக விளக்கு வைத்தோம். தையில் என்னையும் கூட்டிக்கொண்டு வரும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.” இரண்டு வரும்படியும் சரியாக அதனதன் இடத்தில் இருந்தன. ‘சொன்னப்படி’யில் இருந்த ‘ப்’பை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன். அழித்துவிட்டு அனுப்பினாள்.